குடியை விட்ட பிறகுதான் வீடா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "வருஷக்கணக்கில் பிளாட்பாரத்தில் கிடப்பவர்களுக்கு நிரந்தரமாக வீடும் கூடவே ஆள் துணையும் கொடுக்கணும்னு சொல்றீங்க. குடிக்கிறவர், மனநிலை சரியில்லாதவர் கையில் சாவியைக் கொடுத்தால் வித்துட்டுத் திரும்பத் தெருவுக்குத்தானே வருவார்? முதலில் திருந்தட்டுமே?"

நிறைய பேர் மனதில் இருக்கிற கேள்விதான். விற்கவே முடியாது, ஏனென்றால் இது பட்டா போட்டுக் கொடுக்கிற வீடு இல்லை, வாடகை வீடு. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதை ஆரம்பித்தபோது, குடியிருப்பவர் தன் வருமானத்தில் 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டினார், மீதியை அவருடைய அமைப்பு பார்த்துக்கொண்டது. குடியை விட்டால்தான் வீடு என்ற பேச்சே இல்லை, ஊழியர்கள் வீடு தேடி வந்து பார்ப்பதற்குச் சம்மதித்தால் போதும்.

சரி, திருந்துவது. வால்டாக்ஸ் ரோட்டில் ஷட்டர் இறக்கிய கடை வாசலில் படுக்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் மனநல மாத்திரை கொடுத்து, ராத்திரி சாப்பிட்டதும் போடச் சொல்கிறார்கள். போட்டால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வரும். அசந்து தூங்கினால் பை போய்விடும், பையோடு ஆதார் அட்டையும் மருந்துச் சீட்டும் போய்விடும், பெண்ணாக இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் மாத்திரையைப் போடாமல் முழித்தே கிடக்கிறார், நோய் முற்றுகிறது, நாம் "சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்கிறான்" என்கிறோம். கதவும் தாழ்ப்பாளும் இல்லாமல் அந்த மாத்திரையை எங்கே வைத்து எப்படிச் சாப்பிடுவார், சொல்லுங்கள்?

கனடாவில் 2009-இலிருந்து 2013 வரை ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். வீட்டை முதலில் கொடுத்த பிரிவில் இருந்தவர்கள், வழக்கமான உதவிகள் மட்டும் கிடைத்த மற்றவர்களைவிட அதிக காலம் வீட்டில் நிலைத்து இருந்தார்கள். குடிப்பழக்கத்தில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் குடிக்கிற எத்தனையோ பேர் நம் தெருவிலும் வீட்டுக்குள்தானே இருக்கிறார்கள்?

இது வெளிநாட்டு விஷயம் என்றும் தள்ள வேண்டாம். நம் சென்னையிலேயே மனநலம் பாதித்தவர்களுக்காக வேலை செய்கிற பானியன் (The Banyan) அமைப்பு, மனநலக் காப்பகங்களில் வருஷக்கணக்கில் இருந்தவர்களை 2015 முதல் சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடுகளில், நாலைந்து பேராக, உதவிக்கு ஆளோடு குடிவைத்து வருகிறது.

அப்புறம் ஒன்று, எனக்கு ரொம்ப முக்கியம். மாநகராட்சியின் இரவுக் காப்பகங்கள் வேண்டும்தான், ஆனால் அங்கே கிடைப்பது படுக்கை, வீடு இல்லை. வீடு கொடுக்கிறோம் என்று நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிற பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஏற்றி அனுப்புவதும் உதவாது. வட சென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும், அங்கே கூடை தூக்கிப் பிழைக்கிறவர் 20 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸில் வருவார்? பக்கத்திலேயே தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு அறை கிடைத்தால் அவர் வேலையும் போகாது, தெரிந்த டீக்கடையும் போகாது. வாடகை ஒப்பந்தத்தை உதவி செய்கிற அமைப்பின் பெயரில் போட்டு, பிரச்சினை என்றால் கூப்பிட ஒரு போன் நம்பரும் கொடுத்தால், வீட்டுக்காரர்களும் தைரியமாக விடுவார்கள்.