சென்டர் டிஃபரன்ஷியல் லாக்: எங்கே போடலாம், எங்கே கூடாது

நேயர்களுக்கு வணக்கம். சக்கரம் சுழன்று, சேறு வாரி இறைத்து, வண்டி அச்சுவரை இறங்கிய பிறகுதான் பலருக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் லாக் ஞாபகத்துக்கு வருகிறது. தரை மாறுவதற்கு முன்பே போட வேண்டிய லாக் அது.

உங்கள் வண்டி எந்த ரகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர், லாடா நிவா போன்றவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் இழுவை உண்டு. சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் நடுவே, இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கும். அதை இறுக்கி இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்ற வைப்பதுதான் லாக். சுசுகி ஜிம்னியில் இந்த நடு டிஃபரன்ஷியலே கிடையாது. ஃபோர் வீல் போட்டாலே லாக் போட்ட மாதிரிதான். ஆகவே, தார்ச்சாலை பற்றி இப்போது சொல்வது ஜிம்னிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடும். வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைப்பட்ட தூரம், 2.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் ஆக்சிலின் நடுப்பகுதி 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், முன் ஆக்சிலின் நடுப்பகுதி சுமார் 5.7 மீட்டர் ஆரத்தில் போகும். ஒரு முழு வட்டத்துக்கு வித்தியாசம் நாலரை மீட்டர். டயர் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு சுற்று. லாக் போட்டிருந்தால் இந்த இரண்டு சுற்று போக வழியில்லை. மணலிலும் சேற்றிலும் டயர் சற்று வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது. அத்தனையும் ஷாஃப்டிலும் கியரிலும் முறுக்காக ஏறும். ஸ்டீயரிங் கனக்கும், டயர் தரையில் தேயும் சத்தம் கேட்கும். அப்படியும் ஓட்டினால் ஷாஃப்ட் ஜாயின்டோ கியர் பல்லோ போய்விடும். மழையில் நனைந்த தாரும் தார்தான், லாக் வேண்டாம்.

சேறு, மணல், ஆழமான பனி, ஆற்றுப்படுகை, தளர்ந்த சரளை மேடு: இங்கெல்லாம் போடுங்கள். லாக் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரே ஒரு சக்கரம் பிடி இழந்தாலும் வண்டி மொத்தமும் நின்றுவிடும். செங்குத்தான இறக்கத்திலும் லோ ரேஞ்சோடு (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் நிலை) லாக் போடுவது நல்லது. எஞ்சின் பிரேக் முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும். வேகமாகப் போகிற சரளைச் சாலையில் மட்டும் யோசித்துப் போடுங்கள். லாக் இருந்தால் வளைவில் வண்டியின் மூக்கு திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும்.

போடும் முறை எளிது. ஸ்டீயரிங்கை நேராக வைத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாக உருளும்போது போடுங்கள். சக்கரம் பிடியில்லாமல் வழுக்கிச் சுழன்றுகொண்டிருக்கும்போது போடவே கூடாது; முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றும்போது லாக்கின் பற்கள் மோதிச் சிதையும். லீவரைத் தள்ளியதை நம்பாதீர்கள், டாஷ்போர்டில் லாக் விளக்கு எரிகிறதா பாருங்கள். பல வண்டிகளில் லாக் விழுந்ததும், வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அணைந்துவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

தாருக்கு ஏறியதும் எடுத்துவிடுங்கள். லீவரை விடுவித்தும் விளக்கு அணையவில்லை என்றால் முறுக்கு பாக்கி இருக்கிறது என்று பொருள். லீவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். சில மீட்டர் நேராகப் பின்னோக்கி எடுங்கள், அல்லது ஒரு பக்கச் சக்கரங்களைச் சாலையோர மண்ணில் இறக்கி ஓட்டுங்கள், தானே விடுபடும்.

லாக் போட்டும் வண்டி நகரவில்லையா? குறுக்கே பாருங்கள்: முன் இடதும் பின் வலதும் அந்தரத்தில் சுழன்றுகொண்டிருக்கும். இந்த லாக் முன்னையும் பின்னையும்தான் கட்டும்; ஒரே ஆக்சிலின் இடது வலதைக் கட்டாது. அதற்கு ஆக்சில் லாக் தனியாக வேண்டும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: ஜாக்கி. பழைய டிஃபெண்டரின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்புறம் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் பிரேக் போட்டிருந்தும் வண்டி உருண்டுவிடலாம். லாக் போட்டால் அதே பிரேக் முன் ஆக்சிலையும் சேர்த்துப் பிடிக்கும். லோ ரேஞ்சில் முதல் கியர், லாக், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, இவ்வளவும் ஆன பிறகே ஜாக்கியில் கை வையுங்கள்.

மாதம் ஒருமுறையாவது மண் தரையில் லாக்கைப் போட்டு எடுங்கள். மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் லீவரின் இணைப்புகள் துருப்பிடித்து இறுகிவிடும்.