96 ஸ்லைஸ் எப்படி 26 ஆனது? சாஃப்ட் கோர் அளவுகளின் கணக்கு

[திரையில் இரண்டே எண்கள்: 96, 26]

வணக்கம். இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் பாருங்கள். எஃப்பிஜிஏ சிப் செய்யும் சைலிங்க்ஸ் கம்பெனியின் பிக்கோபிளேஸ் என்கிற குட்டி 8 பிட் ப்ராசஸர், ஸ்பார்ட்டன்-3 சிப்பில் 96 ஸ்லைஸ் (சிப்புக்குள் இடத்தை எண்ணும் அலகு) இடம் பிடித்தது. அதே பிக்கோபிளேஸின் பிந்தைய பதிப்பு ஸ்பார்ட்டன்-6இலும் 7 சீரிஸ் சிப்களிலும் வெறும் 26 ஸ்லைஸில் அடங்கிவிடுகிறது. இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள்தான், கென் சாப்மன். கேசிபிஎஸ்எம்3, கேசிபிஎஸ்எம்6 என்று அந்தப் பதிப்புகளுக்குப் பெயர்.

ஆக, ப்ராசஸர் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஒருநாள் கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்து பார்த்தபோதுதான், சுருங்கியது ப்ராசஸரா அல்லது நான் கையில் வைத்திருந்த அளவுகோல் நீண்டுவிட்டதா என்று சந்தேகம் வந்தது. இந்த வீடியோ அந்தக் கணக்குதான்.

எஃப்பிஜிஏ பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்பிஜிஏ என்பது உள்ளே என்ன சர்க்யூட் இருக்க வேண்டும் என்று வாங்கிய பிறகு நாமே முடிவு செய்துகொள்ளும் சிப். அதற்குள் வெரிலாக்கில் (சர்க்யூட்டை விவரிக்கும் மொழி) எழுதிய ஒரு ப்ராசஸரையே ஏற்றிவிட்டால் அது சாஃப்ட் கோர். சிப்பில் சர்க்யூட் கட்டுவதற்கான செங்கல், லுக்கப் டேபிள். எல்லோரும் லட் என்றுதான் சொல்வோம் (லட்டு இல்லை, லட்). அது ஒரு சின்ன மெமரி, அவ்வளவுதான்: உள்ளே வரும் கம்பிகள் முகவரி, அந்த முகவரியில் எழுதி வைத்திருக்கும் பிட் பதில். 4 உள்ளீடு உள்ள லட்டுக்கு 16 பிட் வேண்டும். 6 உள்ளீடு என்றால் 64 பிட். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதியெல்லாம் பெருக்கல் கணக்கு.

[திரையில்: ஸ்பார்ட்டன்-3 ஸ்லைஸ், பக்கத்தில் ஸ்பார்ட்டன்-6 ஸ்லைஸ்]

ஸ்பார்ட்டன்-3 வந்தது 2003இல், 90 நேனோமீட்டர் தொழில்நுட்பம். அதில் ஒரு ஸ்லைஸ் என்றால் 4 உள்ளீட்டு லட் இரண்டு, ஒரு பிட்டை ஞாபகம் வைக்கும் ஃப்ளிப்-ஃப்ளாப் இரண்டு. 2009இல் வந்த ஸ்பார்ட்டன்-6இல் ஒரு ஸ்லைஸுக்குள் 6 உள்ளீட்டு லட் நான்கு, ஃப்ளிப்-ஃப்ளாப் எட்டு. பெயர் ஒன்றுதான், இரண்டுமே ஸ்லைஸ். ஒரு சிற்றறையும் ஒரு கல்யாண மண்டபமும் இரண்டுமே "அறை" என்பது போல.

இப்போது பெருக்குவோம். 96 ஸ்லைஸ் என்றால் அதிகபட்சம் 192 லட். 26 ஸ்லைஸ் என்றால் 104 லட். அதாவது நாலில் ஒரு பங்கு என்று நினைத்தது பாதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இன்னும் ஒரு படி கீழே போனால்தான் வேடிக்கை. 192 லட், ஒவ்வொன்றிலும் 16 பிட், மொத்தம் 3,072 பிட். 104 லட், ஒவ்வொன்றிலும் 64 பிட், மொத்தம் 6,656 பிட். ஸ்லைஸில் எண்ணினால் நாலில் ஒன்று, லட்டில் எண்ணினால் பாதி, லட்டுக்குள் இருக்கும் பிட்டில் எண்ணினால் இரண்டு மடங்குக்கும் மேல்!

கேசிபிஎஸ்எம்6 பழையதை விட நிறைய வேலை செய்கிறது என்பதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கேசிபிஎஸ்எம்3இல் ப்ரோகிராம் 1,024 இன்ஸ்ட்ரக்‌ஷன் வரைதான், ரெஜிஸ்டர் 16தான். புதியதில் 4,096 வரை போகலாம், 16 ரெஜிஸ்டர் கொண்ட தொகுப்பு இரண்டு இருக்கிறது. சாப்மன் இதை அந்தந்தச் சிப்பின் லட்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைத்து எழுதியிருக்கிறார், எழுதிய கோடை லட்களாக மாற்றும் சிந்தசிஸ் கருவி தன் இஷ்டத்துக்குச் செய்யட்டும் என்று விடவில்லை. அதனால் இது "சிப் மாறியது, கோர் அப்படியே இருந்தது" என்கிற சுத்தமான ஒப்பீடு கிடையாது. அப்படி ஒன்று இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

அதற்கு முன்னால், பெரிய லட் வந்தால் ஒரு ப்ராசஸரில் எந்த உறுப்பு சுருங்கும், எது சுருங்காது என்று பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்த பகுதியே இதுதான்.

கூட்டல் சர்க்யூட்டை எடுங்கள். 32 பிட் கூட்டலுக்கு ஸ்பார்ட்டன்-3இல் 32 லட். 7 சீரிஸைச் சேர்ந்த, 6 உள்ளீட்டு லட் உள்ள ஆர்டிக்ஸ்-7இலும் அதே 32 லட். கூட்டலில் மிச்சத்தை அடுத்த இலக்கத்துக்குக் கடத்தும் கேரி சங்கிலி ஒரு லட்டுக்கு ஒரு பிட் என்று ஓடுவதால் 6 உள்ளீடு இருந்தாலும் அதில் பாதி சும்மா உட்கார்ந்திருக்கும். அங்கே லாபம் ஒன்றுமில்லை.

மல்டிபிளெக்சரை, அதாவது பல கம்பிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சர்க்யூட்டை (சுருக்கமாக மக்ஸ்) எடுத்தால் கதை மாறுகிறது. நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நாலு தரவுக் கம்பியும் இரண்டு தேர்வுக் கம்பியும் வேண்டும், ஆறு உள்ளீடு, 6 உள்ளீட்டு லட் ஒன்றில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். பழைய லட்டில் இதற்கு இரண்டு லட்டும், அவற்றை இணைக்கும் மக்ஸ் ஒன்றும் வேண்டும். ப்ராசஸர் என்பதே பாதி மல்டிபிளெக்சர்தான், எந்த ரெஜிஸ்டர், எந்த முடிவு, அடுத்த முகவரி எங்கிருந்து என்று எங்கே பார்த்தாலும் தேர்வு, அதனால் இந்த லாபம் கோர் முழுக்கப் பரவுகிறது.

ஆனால் நிஜமான பணம் இருப்பது ரெஜிஸ்டர் ஃபைலில், அதாவது ப்ராசஸர் கணக்குப் போடும் எண்களை வைத்திருக்கும் குட்டி மெமரியில். ரிஸ்க்-ஃபைவ் (யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் தொகுப்பு) ப்ராசஸருக்கு 32 பிட் ரெஜிஸ்டர் 32 வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டைப் படிக்கவும் ஒன்றில் எழுதவும் முடிய வேண்டும். ஸ்பார்ட்டன்-3இல் லட்டை 16 பிட் மெமரியாகப் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு பக்கம் எழுதி இன்னொரு பக்கம் படிக்க இரண்டு லட் ஜோடி சேர வேண்டும். 32 ஆழத்துக்கு அது இரண்டு தடவை, இரண்டாவது ரீட் போர்ட்டுக்கு (படிக்கும் வாசல்) இன்னொரு இரண்டு மடங்கு. ஒரு பிட்டுக்கே எட்டு லட் ஆகிவிட்டது. 32 பிட்டுக்கு 256 லட், மல்டிபிளெக்சர் செலவு தனி. ஆர்டிக்ஸ்-7இல் ஒரே ஸ்லைஸில் 32 ஆழம், 6 பிட் அகலம் உள்ள மெமரி கிடைத்துவிடுகிறது. 32 பிட்டுக்கு ஆறு ஸ்லைஸ், இரண்டு ரீட் போர்ட்டுக்குப் பன்னிரண்டு, மொத்தம் 48 லட்.

இந்த 48ஐ நான் கற்பனையில் போடவில்லை. பிக்கோஆர்வி32 என்கிற திறந்த மூலக் கோர் 7 சீரிஸ் சிப்பில் எவ்வளவு இடம் எடுக்கும் என்று அதன் ஆவணத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது, அதன் சின்ன வடிவத்தில் மெமரியாகப் பயன்பட்ட லட் என்ற கட்டத்தில் இருப்பது சரியாக 48.

அப்புறம் லாட்டிஸ் என்கிற இன்னொரு கம்பெனியின் ஐஸ்40 சிப் இருக்கிறதே, அதில் லட்டை மெமரியாகப் பயன்படுத்தவே வழியில்லை. ரெஜிஸ்டர் ஃபைல் முழுவதும் பிளாக் ராமுக்கு, அதாவது சிப்பில் தனியாக இருக்கும் மெமரிக் கட்டத்துக்குப் போய்விடும். லட் கணக்கில் அதன் செலவு பூஜ்யம்! ஒரே ரெஜிஸ்டர் ஃபைல், 256, 48, 0. "இந்தக் கோர் எத்தனை லட்?" என்று யாராவது கேட்டால் நான் உடனே "எந்தச் சிப்பில்?" என்று திருப்பிக் கேட்பதற்குக் காரணம் இதுதான், திமிர் ஒன்றும் இல்லை.

[திரையில்: செர்வ், மூன்று வரிசைகள்]

சரி, சுத்தமான ஒப்பீடு ஒன்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. ஓலோஃப் கிண்ட்கிரென் எழுதிய செர்வ். 32 பிட் ரிஸ்க்-ஃபைவ்தான், ஆனால் உள்ளே ஒரு சமயத்தில் ஒரே ஒரு பிட்டை மட்டும் பார்க்கும். 32 பிட் கூட்டலை 32 க்ளாக்கில், பள்ளிக்கூடத்தில் கடைசி இலக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தோமே அந்த மாதிரி செய்யும். மெதுவானதுதான், ஆனால் நம்ப முடியாத அளவுக்குச் சின்னது. அதன் ஆவணத்தில் இருக்கும் எண்கள்: லாட்டிஸ் ஐஸ்40இல் 198 லட், இன்டெலின் சைக்ளோன் 10 எல்பியில் 239 லட், ஆர்டிக்ஸ்-7இல் 125 லட். ஃப்ளிப்-ஃப்ளாப் மூன்றிலும் 164.

அந்த 164ஐ ஒரு நிமிடம் பாருங்கள். சிப் மாறியது, கம்பெனி மாறியது, கருவி மாறியது, அது அசையவில்லை. ஃப்ளிப்-ஃப்ளாப் ஒரு பிட்டை ஞாபகம் வைக்கும், அதில் பெரிசு சின்னது கிடையாது. ஆடுவதெல்லாம் லட் பக்கம்தான். 6 உள்ளீட்டுக்கு 125, 4 உள்ளீட்டுக்கு 198. பிட் கணக்கில் போட்டால் 8,000க்கு எதிராக 3,168. ஒரு பிட் பார்க்கும் கோருக்கு அவ்வளவு அகலமான லட் தேவையே இல்லை, முழு பஸ்ஸையும் வாடகைக்குப் பிடித்து ஒரே ஆள் ஊருக்குப் போகிற மாதிரிதான். ஐஸ்40, சைக்ளோன் 10 எல்பி இரண்டுமே 4 உள்ளீட்டு லட் உள்ளவை, இருந்தும் 198க்கும் 239க்கும் நடுவில் 41 லட் இடைவெளி. செல்லின் உள்ளமைப்பு வேறு, சிந்தசிஸ் கருவி வேறு. ஒரே தலைமுறை லட் என்றாலும் இவ்வளவு ஆடும் என்றால், இரண்டு சிப்களுக்கு நடுவே 10 சதவீத வித்தியாசத்தைப் பார்த்து யாராவது ஒரு முடிவுக்கு வந்தால் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அப்படியானால் எதற்கு 6 உள்ளீட்டுக்குப் போனார்கள் என்று கேட்பீர்கள். வேகத்துக்காக. ஒரு கணக்கு முடிய நாலு லட்டைத் தாண்ட வேண்டிய இடத்தில் இரண்டையோ மூன்றையோ தாண்டினால் போதும் என்றால், நடுவில் இருக்கும் வயர் தாமதமும் குறையும், எஃப்பிஜிஏவில் நேரத்தையும் சிப் பரப்பையும் அதிகம் தின்பது அந்த வயரிங்தான். சைலிங்க்ஸின் போட்டிக் கம்பெனியான ஆல்டெரா 2004இல் ஸ்ட்ராடிக்ஸ் 2இலேயே தேவைக்கேற்பப் பிரித்துக்கொள்ளக்கூடிய பெரிய லட்டைக் கொண்டுவந்தது, சைலிங்க்ஸ் 2006இல் விர்டெக்ஸ்-5 மூலம் 6 உள்ளீட்டுக்கு மாறியது.

இப்போது விளம்பர எண்களுக்கு வருவோம், அடுக்குமாடி வீடு பார்க்கப் போனவர்களுக்கு இது உடனே புரியும். சூப்பர் பில்டப் ஏரியா 1,200 சதுர அடி என்பார்கள், உள்ளே போய் டேப் வைத்து அளந்தால் வேறு எண் வரும். அதே சங்கதிதான் "லாஜிக் செல்".

பழைய 4 உள்ளீட்டு லட்டும் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்பும் சேர்ந்தது ஒரு லாஜிக் செல் என்பது மூலக் கணக்கு. ஸ்பார்ட்டன்-3 காலத்திலேயே ஒரு ஸ்லைஸில் இருக்கும் இரண்டு லட்டை 2.25 லாஜிக் செல் என்று எண்ணினார்கள். எக்ஸ்சி3எஸ்500இ சிப்பில் 9,312 லட், அட்டவணையில் போட்டிருப்பது 10,476 லாஜிக் செல். அப்புறம் 6 உள்ளீட்டு லட் வந்ததும் ஒன்றை 1.6ஆல் பெருக்கினார்கள். ஆர்டிக்ஸ் எக்ஸ்சி7ஏ35டி என்கிற, நிறையப் பேர் கற்றுக்கொள்ள வாங்கும் சிப்பில் 20,800 லட், பெயர் 33,280 லாஜிக் செல். சரி, பெரிய லட் ஆயிற்றே, கொஞ்சம் கூட்டிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் அல்ட்ராஸ்கேல் பிளஸ்ஸில் விர்டெக்ஸ் வியூ9பி சிப்பைப் பாருங்கள், 11,82,240 லட்டுக்கு 25,86,150 "சிஸ்டம் லாஜிக் செல்". வகுத்தால் 2.1875. லட் அதே 6 உள்ளீடுதான், பெருக்கும் எண் மட்டும் வளர்ந்திருக்கிறது. ஆல்டெரா பக்கமும் யாரும் சன்னியாசி இல்லை, சைக்ளோன் 5 குடும்பத்தில் 85,000 லாஜிக் எலிமென்ட் என்று விற்கும் சிப்பில் நிஜத்தில் இருப்பது 32,070 ஏஎல்எம் (முன்பு சொன்ன, பிரித்துக்கொள்ளக்கூடிய பெரிய லட் உள்ள கட்டம்). அங்கே பெருக்கல் எண் 2.65.

ஆகவே கோர் அளவை லாஜிக் செல்லில் சொல்லும் எந்த அட்டவணையையும் நான் ஒப்பீட்டுக்கு எடுப்பதில்லை. 

கோருக்குள்ளேயே இருக்கும் ஸ்விட்சுகளும் இருக்கின்றன. பிக்கோஆர்வி32ஐயே எடுங்கள், அதே 7 சீரிஸில் சின்ன வடிவம் 761 லட், வழக்கமான வடிவம் 917, பெருக்கல், வகுத்தல், இன்டரப்ட், பேரல் ஷிஃப்டர் எல்லாம் சேர்த்த பெரிய வடிவம் 2,019. மூன்றுக்கும் பெயர் ஒன்று. ஸ்பார்ட்டன்-3இலிருந்து ஆர்டிக்ஸ்-7 வருவதை விட, ஒரு கோரின் அளவுருக்களை மாற்றுவது பெரிய வித்தியாசம் கொடுத்துவிடும்.

இன்னொரு பக்கம், சிப்பை முழுதாக மனதில் வைத்துக் கோர் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஜான் கிரேயின் ஜிஆர்விஐ. ஒரு 32 பிட் ரிஸ்க்-ஃபைவ் கோரை ஏறக்குறைய 320 லட்டுக்குள் அடக்கி, மேலே சொன்ன அதே வியூ9பி சிப்பில் 1,680 கோர்களை வைத்துக் காட்டினார். பெருக்கினால் 5,37,600 லட், சிப்பில் பாதி கூட இல்லை, மீதியில் அவற்றை இணைக்கும் நெட்வொர்க்கும் வேண்டுமே.

நான் இப்போதெல்லாம் பயன்படுத்தும் வழி, எது முதலில் தீரும் என்று பார்ப்பது. பிக்கோபிளேஸ் எக்ஸ்சி3எஸ்200 சிப்பின் 1,920 ஸ்லைஸில் 5 சதவீதம், எக்ஸ்சி7ஏ35டி சிப்பின் 5,200 ஸ்லைஸில் அரை சதவீதம். இது எனக்கு நிஜமாகவே ஒன்றைச் சொல்கிறது. செர்வை வைத்தும் போட்டுப் பாருங்கள். 20,800 லட்டை 125ஆல் வகுத்தால் 166 கோர் வருகிறது, தம்ப்நெயிலில் போட அருமையான எண். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ப்ரோகிராம் வைக்க ஒரு 18 கிலோபிட் பிளாக் ராம் கொடுத்தால் கூட, அந்தச் சிப்பில் இருப்பது மொத்தமே 100. நூறாவது கோரோடு ராம் காலி. 12,500 லட் செலவாகியிருக்கும், மீதி 8,300 லட் செய்ய வேலையில்லாமல் சும்மா கிடக்கும்.