பத்தாவது வருதுன்னு என்சிசியை நிறுத்தாதீங்க

எல்லாருக்கும் வணக்கம். ஹெச்.எம். மேடம் ஆர்மி பத்தி பேசச் சொன்னாங்க, ஆனா நான் பெத்தவங்ககிட்ட பேசலாம்னுதான் வந்தேன், ஏன்னா இப்ப கேட்டாண்ட நிக்கும்போதே ரெண்டு அம்மாங்க வந்து, "அண்ணா, புள்ள ஒம்பதாவது போறான், அடுத்து பப்ளிக் எக்ஸாம், என்சிசியை விட்டுடச் சொல்லுங்க"ன்னாங்க.

அம்மா, ஸ்கூல் என்சிசி, அதாவது தேசிய மாணவர் படை, மொத்தமே ரெண்டு வருஷம். எட்டாவதுல சேந்தா ஒம்பதாவதோட முடிஞ்சிடும், பத்தாவதை தொடவே தொடாது. ஸ்கூல் என்சிசிக்கு குடுக்கற ஏ சர்ட்டிபிகேட், அதுக்கான பரீட்சை ரெண்டாவது வருஷம்தான் வரும், அதுக்கு 75 சதவீதம் பரேடு வந்திருக்கணும், ஒரு கேம்ப்பும் போயிருக்கணும். பாதில நிறுத்தினா ஒரு வருஷம் வெயில்ல நின்னதுக்கு கையில ஒண்ணும் இருக்காது.

நம்ம பக்கத்துக்கு பட்டாளம் புதுசில்ல. வேலூர் கோட்டையில 1806 ஜூலை 10ல சிப்பாய்ங்க வெள்ளைக்காரங்களை எதிர்த்து எழுந்தாங்க, கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டைக்குப் போனா இன்னிக்கும் எங்க பாத்தாலும் மிலிட்டரி குடும்பம்தான். அதுக்காக புள்ளைய பட்டாளத்துக்கு இழுத்துடுவாங்களோன்னு பயப்படாதீங்க, என்சிசி 1948ல சட்டம் போட்டு ஆரம்பிச்சது, கேடட் ஆர்மில சேந்தாகணும்னு கட்டாயமே கிடையாது. பொண்ணுங்களுக்கு 1949லயே தொறந்துட்டாங்க, அவங்களையும் அனுப்புங்க.

நான் குடியாத்தம். அம்மா பீடி சுத்துவாங்க, காலைல வீட்ல ஒண்ணும் இருக்காது. மொத பரேடுல வெறும் வயித்தோட போயி மயங்கி விழுந்துட்டேன். என்சிசி சார் ஒரு வார்த்தை திட்டல, நிழல்ல ஒக்கார வெச்சு இட்லி வாங்கிக் குடுத்துட்டு, "அடுத்த வாரம் நீதான்டா ரைட் மார்க்கர்"னாரு. அதாவது மொத ஆளா போயி நான் நிக்கணும், என்னை வெச்சுதான் மொத்த வரிசையும் நேராகும். அதுவரைக்கும் என்னை யாரும் எதுலயும் முன்னாடி நிக்கச் சொன்னதே இல்ல.

கேம்ப்ல பாயின்ட் டூ டூ ரைபிள் குடுத்தாங்க. பதறினா குண்டு எங்கயோ போவும், மூச்சை பாதி விட்டு அடக்கி, ட்ரிக்கரை மெதுவா அமுக்கணும். அடுத்த வருஷம் பத்தாவது மேத்ஸ் பேப்பர் கையில வந்தப்போ வெரல்லாம் நடுங்குச்சு, அதே மாதிரி மூச்சை விட்டுட்டுதான் மொத கணக்கை ஆரம்பிச்சேன், பாஸ் ஆனேன்.

சனிக்கிழமை காலைல இங்கயே பரேடு இருக்கு, அனுப்பி வைங்க. பூட்ஸ் பாலிஷ் சுமாரா இருந்தாலும் பரவால்ல, ரெண்டு இட்லியாவது சாப்பிட வெச்சு அனுப்புங்கம்மா.