‘ஒருவருமில்லை’ என்று சொன்னவர்கள்

(சென்னையில் ஓர் ஆலய மண்டபத்தில், லெந்து கால மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆயரவர்களுக்கும், குருசேகரக் குழுவினருக்கும், அலுவலகம் விட்ட கையோடு இந்தப் புழுக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

‘இயேசுவின் உவமைகளும் அற்புதங்களும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சுவிசேஷங்களில் உவமைகள் முப்பதுக்கு மேல், அற்புதங்களும் முப்பதுக்கு மேல். எல்லாவற்றையும் தொட்டுப் போனால் எதையும் பார்த்ததாகாது. அதனால் இன்றைக்கு ஒரே ஒரு உவமை, ஒரே ஒரு அற்புதம். மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் வருகிற திராட்சத்தோட்டத்து வேலையாட்கள். யோவான் ஐந்தாம் அதிகாரத்தில் வருகிற பெதஸ்தா குளம்.

இந்த இரண்டையும் யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. உவமையைப் பிரசங்க பீடத்துக்கும் அற்புதத்தைச் சுவரொட்டிக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டோம். உவமை என்றால் நமக்கு ஒரு புத்திமதி. அற்புதம் என்றால் ஒரு வல்லமை. இரண்டிலும் பேசுகிறவர் ஒருவர்தானே?

முதலில் தோட்டம். காலை ஆறரை ஏழு மணிக்கு நம் ஊரின் பெரிய சந்திப்புகள் சிலவற்றைக் கடந்து போனவர்களுக்கு இந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை. கையில் டிபன் பாக்ஸும், ஒரு பையில் மாற்றுச் சட்டையுமாக நூறு பேர் நிற்பார்கள். கொத்தனாரிடம் கரண்டி இருக்கும், பெயிண்டரிடம் பிரஷ் இருக்கும். மேஸ்திரி பைக்கை நிறுத்தி, இறங்காமலே, “நாலு பெரியாள், ரெண்டு சித்தாள்” என்பார். ஐம்பது பேர் சூழ்ந்துகொள்வார்கள். அவர் கண் முதலில் தோளைப் பார்க்கும். வாட்டசாட்டமான பையன்கள் போய்விடுவார்கள். ஒன்பது மணிக்கு அதே வழியாகத் திரும்பி வந்தால் மிச்சம் யார்? நரைத்த தலை. ஒல்லியான அம்மா. முந்தின வாரம் அடிபட்டு விரலில் கட்டுப் போட்டிருப்பவர். பத்து மணிக்கு மேல் அவர்களும் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டுவார்கள்.

இயேசுவின் கதையில் அவர்கள் போகவில்லை. திராட்சத்தோட்டத்து எஜமான் கூலிக்கு ஆள் கூப்பிட விடிகாலையில் வருகிறான், நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி அழைத்துப் போகிறான். மூன்றாம் மணி, அதாவது நம் கணக்கில் காலை ஒன்பதுக்கு வருகிறான், நடுப்பகலில் வருகிறான், பிற்பகல் மூன்றுக்கு வருகிறான். பதினோராம் மணி என்றால் சாயங்காலம் ஐந்து. இன்னும் ஒரு மணி நேரத்தில் பொழுது இறங்கிவிடும். அப்போதும் சிலர் நிற்கிறார்கள். “நீங்கள் பகல் முழுவதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன?” என்று கேட்கிறான். “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை” என்கிறார்கள்.

சோம்பேறிகள் ஐந்து மணி வரை வெயிலில் நிற்க மாட்டார்கள். இவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாமல் நிற்கிறவர்கள். ஒரு தெனாரியம் அன்றைக்கு ஒருநாள் கூலி; அன்றைக்குச் சம்பாதித்து அன்றைக்கே சாப்பிடுகிற குடும்பத்துக்கு அது வேண்டும். கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு, அவன் அதன்மேல்தான் ஆவலாயிருக்கிறான் என்று பழைய ஏற்பாட்டின் உபாகமம் சட்டமே போட்டிருக்கிறது. ஒரு மணி நேர வேலைக்குக் கணக்காகப் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்தால் கணக்கு சரியாக இருக்கும், அடுப்பு எரியாது.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த எஜமானிடம் ஒரு காரியக்காரன் இருக்கிறான். சாயங்காலம் கூலி கொடுக்கும்போது எட்டாம் வசனத்தில் வருகிறான். அப்படி ஒரு ஆள் இருக்கும்போது, சந்தைவெளிக்கு ஐந்து தடவை எதற்கு இவனே போக வேண்டும்? ஆள் போதவில்லை என்றால் காலையிலேயே கூட்டமாக அழைத்துப் போயிருக்கலாம். எனக்குத் தோன்றுவது இதுதான்: அவன் வேலைக்கு ஆள் தேடவில்லை. யார் மிச்சம் நிற்கிறார்கள் என்று பார்க்கப் போனான்.

சாயங்காலம், கடைசியில் வந்தவர்கள் தொடங்கி எல்லாருக்கும் அதே ஒரு தெனாரியம் கொடுக்கப்படுகிறது. கடைசியில் வந்தவர்களுக்கு ஏன் முதலில் கூலி? முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் காசை முடிந்துகொண்டு சந்தோஷமாகப் போயிருப்பார்கள். சண்டையே வந்திருக்காது. இயேசு வேண்டுமென்றே அவர்களை நிற்க வைத்துப் பார்க்க வைக்கிறார். “இவர்களை எங்களுக்குச் சமமாக்கினீரே” என்று அவர்கள் முறுமுறுக்கிறார்கள். அதை நாம் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடியது இந்த நகரத்துக் கடற்கரையில்தான். வேலைக்கேற்ற கூலி என்பது இந்த ஊர் போராடிப் பெற்ற நியாயம். பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் வெந்தவனுக்குக் கோபம் வராமல் எப்படி? ஆனால் பேசின கூலியில் ஒரு காசும் குறையவில்லை. அவன் வயிற்றெரிச்சல் தன் கூலியைப் பற்றியது இல்லை, பக்கத்தில் நிற்பவனின் கூலியைப் பற்றியது.

இது யாருக்காகச் சொன்ன கதை என்று முந்தின அதிகாரத்தின் கடைசியைப் புரட்டினால் தெரியும். “எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்?” என்று பேதுரு கேட்கிறார். அவர் காலை ஆறு மணிக்காரர். நாமும் அப்படித்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து இந்தக் கோயில், அந்தச் சுவரில் சலவைக்கல்லில் எங்கள் குடும்பப் பெயர், நேற்று வந்தவன் கமிட்டிக்கு நிற்கிறானா என்று பேசுகிறோம் அல்லவா? (சிரிக்கிறீர்கள், தேர்தல் நெருங்குகிறது போல.)

1904-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் காந்தி ஓர் ஆங்கில நூலை ஒரே மூச்சில் வாசித்தார். ஆங்கில எழுத்தாளர் ரஸ்கின் எழுதியது, அதன் தலைப்பே இந்த உவமையில் வருகிற ‘பிந்தி வந்தவனுக்கும்’ என்ற வரிதான். வழக்கறிஞரின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டார், அந்த ஆண்டே ஃபீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கினார். அவர் ஞானஸ்நானம் வாங்கவில்லை. உவமையை வாங்கிக்கொண்டார்.

சரி, இப்போது குளத்துக்குப் போவோம்.

எருசலேமில் ஆட்டுவாசல் அருகே பெதஸ்தா குளம், ஐந்து மண்டபங்கள் என்கிறார் யோவான். குளத்துக்கு எப்படி ஐந்து பக்கம் இருக்கும், இது ஏதோ அடையாள எண் என்று சில அறிஞர்கள் நினைத்ததுண்டு. தோண்டிப் பார்த்தபோது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குளங்களும் நடுவே ஒரு சுவரும் கிடைத்தன. சுற்றி நான்கு, நடுச்சுவர் மேல் ஒன்று. இன்றைக்கும் புனித அன்னாள் ஆலயத்துக்குப் பக்கத்தில் அந்த இடத்தைப் பார்க்கலாம்.

அந்தக் குளத்துத் தண்ணீர் கலங்கியதும் முதலில் இறங்குகிறவருக்குச் சுகம் கிடைக்கும் என்று நம்பி நோயாளிகள் அங்கே காத்துக் கிடந்தார்கள். அவர்களில் முப்பத்தெட்டு வருஷமாக வியாதியாயிருக்கிற ஒருவன். “சொஸ்தமாக வேண்டுமென்று விரும்புகிறாயா?” என்று இயேசு கேட்கிறார். அவன் ஆமாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது என்னைக் கொண்டுபோய் விடுகிறதற்கு ஒருவருமில்லை, நான் போவதற்குள் வேறொருவன் இறங்கிவிடுகிறான் என்கிறான்.

ஒருவரும் வேலையிடவில்லை. கொண்டுபோய் விட ஒருவருமில்லை. ஒன்று இயேசு சொன்ன கதைக்குள் கேட்கிற குரல், மற்றது இயேசுவின் காதிலேயே விழுந்த குரல். நான் இரண்டையும் சேர்த்து வாசிப்பது இதனால்தான். சந்தைவெளியிலும் குளத்தங்கரையிலும் ஒரே சட்டம்: பலமுள்ளவன் முந்திக்கொள்வான். அந்தச் சட்டம் யாரைக் கடைசியில் விட்டுவைக்கிறதோ, அவரிடம் ஒருவர் தானாக நடந்து வருகிறார். அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் முதலில் கேட்கிற கேள்வி “கூட யாரு வந்திருக்கீங்க?” என்பதுதான். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகவும், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடவும் ஆள் வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நம் ஐக்கிய சங்கங்கள் வாரத்தில் ஒரு நாள் அங்கே பழம் கொடுத்து, ஜெபித்துவிட்டு வருகின்றன. நல்லதுதான். ஆனால் அந்த ஆளுக்கு வேண்டியது, மறுநாள் காலை எட்டு மணிக்கு எக்ஸ்ரே வரிசையில் நிற்க ஒருவர்.

இனி, சிலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ‘எழுந்து, உன் படுக்கையை எடுத்துக்கொண்டு நட’ என்றார் இயேசு, அவன் நடந்தான். அந்த அற்புதம் நடந்தது என்று நம்புகிறவன் நான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சுகம் கிடைக்காத நோயாளியைப் பார்த்து “உன் விசுவாசம் போதவில்லை” என்று சொல்கிற பிரசங்கத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. கீமோ எடுத்து முடி கொட்டிய ஒரு பெண்ணிடம் அப்படிச் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். பெதஸ்தாக்காரனிடம் என்ன விசுவாசம் இருந்தது? தன்னிடம் பேசுகிறவர் யாரென்றே அவனுக்குத் தெரியாது. சுகமான பிறகும் தெரியாது. பதின்மூன்றாம் வசனம் அதைச் சொல்கிறது.

அப்படியானால் மண்டபங்களில் கிடந்த மற்றவர்கள்? கூட்டமாக இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. எழுந்து நடந்தவன் ஒருவன். வாலிபர் கூட்டத்தில் ஒரு பிள்ளை என்னிடம் இதைக் கேட்டது. யோவான் இதற்குப் பதில் எழுதவில்லை. நானாக ஒன்றைத் தைத்துக் கொடுக்கவும் மாட்டேன். அந்தக் கேள்வியோடு வேதத்தை வாசிக்கலாம், தப்பில்லை.

முறுமுறுப்பு இங்கேயும் உண்டு. முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு ஒருவன் நடக்கிறான். பார்த்தவர்கள் கேட்பது, வேலை செய்யக் கூடாத ஓய்வுநாளில் படுக்கையை ஏன் தூக்குகிறாய் என்று.

அப்புறம் நடந்ததைப் பிரசங்கங்களில் அதிகம் கேட்க மாட்டீர்கள். இயேசு அவனை எருசலேம் தேவாலயத்தில் மறுபடி சந்தித்துப் பேசுகிறார். அவன் நேராகப் போய், என்னைச் சுகமாக்கினவர் இயேசுதான் என்று யூதத் தலைவர்களிடம் சொல்லிவிடுகிறான். அதன் விளைவாக அவர்கள் அவரைத் துன்பப்படுத்தத் தொடங்கினார்கள் என்று அடுத்த வசனம். காட்டிக்கொடுத்தானா, வெள்ளந்தியாகச் சொன்னானா என்று உரையாசிரியர்களுக்குள் வழக்கு தீரவில்லை. காலில் விழுந்ததாக இல்லை, பின்பற்றியதாக இல்லை, நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. நம் சுகமளிக்கும் கூட்டம் எதிலும் இவனை மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொல்ல மாட்டார்கள். யோவான் இவனுக்கு ஓர் அதிகாரத்தின் முன்பகுதியையே கொடுத்திருக்கிறார்.