டொனி கிரேக் நம் பக்கம் சாய்ந்தது குற்றமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காலி வீதி நெரிசலைத் தாண்டி இந்த வெள்ளவத்தை மண்டபம் வரை வந்திருக்கும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

மறைந்த கிரிக்கெட் வர்ணனையாளர் டொனி கிரேக்கின் நினைவாக நடக்கும் இந்தப் பட்டிமன்றத்தின் கேள்வி, ‘விளையாட்டு வர்ணனையாளருக்கு அழகு நடுநிலையா, நேசமா?’ என்பது. நான் நேசத்துக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் அவுஸ்திரேலிய வர்ணனையாளர் ரிச்சி பெனோவைத் துணைக்கு அழைத்தார். படத்தில் தெரியாததைச் சொல்ல ஏதாவது இருந்தால் வாயைத் திற, இல்லாவிட்டால் பேசாமல் இரு என்பது பெனோவின் முறை. 2015இல் அவர் காலமானபோது நானும் கலங்கினேன். அவரைக் குறைத்து ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் நண்பர் அதோடு நிற்கவில்லை. கிரேக் இலங்கை ஆடினால் துள்ளினார், ஆகவே அவர் ஒரு பக்கம் சாய்ந்தவர் என்றார். சரி, சாய்ந்தார். எப்போது சாய்ந்தார், யார் பக்கம் சாய்ந்தார் என்று பார்க்க வேண்டாமா?

1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கிக் குண்டு வெடித்தது. அடுத்த மாதம் உலகக் கிண்ணம். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மாட்டோம் என்று ஆட்டங்களை விட்டுக்கொடுத்தன. உயிருக்குப் பயந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகச் சேர்ந்து பிரேமதாச மைதானத்தில் வந்து ஆடின, அதையும் மறக்க முடியாது. ஆனால் இங்கே இருந்த எங்களுக்கு எப்படி இருந்தது? உலகமே கதவைச் சாத்திவிட்டுப் போனது போல இருந்தது. அப்பா அடையாள அட்டையும், கொழும்புத் தமிழர் அன்று வைத்திருக்க வேண்டியிருந்த பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப்பையில் இருக்கிறதா என்று இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சந்திக் கடைக்குப் பாண் வாங்கப் போவார்.

அந்த நேரத்தில்தான் இந்தக் குரல் வந்தது. ஆறரை அடி மனிதர், தென்னாபிரிக்காவில் பிறந்து, இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கி, அவுஸ்திரேலியாவில் குடியேறியவர். அவருக்கும் நமக்கும் என்ன உறவு? ஆனாலும் நம் தொடக்க ஆட்டக்காரர் களுவிதாரண அடித்தால் ‘லிட்டில் களு’ என்று கூப்பிடுவார். நான் அப்போது வகுப்பிலேயே கட்டை. வரிசையில் எப்போதும் முதல் ஆள். ‘கட்டையா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கிரேக்கின் ஆங்கிலம் எனக்குப் பாதிக்கு மேல் விளங்காது. ஆனால் அந்த ‘லிட்டில்’ விளங்கியது. அதில் இளக்காரம் துளியும் இல்லை. தன் வீட்டுக் கடைக்குட்டியைப் பற்றி ஊராருக்குச் சொல்வது போல அது ஒலிக்கும்.

இந்தப் பாசம் ஒலிவாங்கி கிடைத்த பிறகு கற்றுக்கொண்டது அல்ல, நடுவர் அவர்களே. 1973இல் பம்பாய் டெஸ்டில் இந்தியாவின் குண்டப்பா விஸ்வநாத் சதம் அடித்தார். எதிரணியான இங்கிலாந்தில் கிரேக். ஓடிவந்து விஸ்வநாத்தைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். தன் அணிக்கு எதிராக அடித்த சதம் அது!

எதிரணியினர் இன்னொன்றையும் சொன்னார்கள். 1976இல் மேற்கிந்திய வீரர்களை மண்டியிட வைப்பேன் என்ற பொருளில் பேசியவர்தானே இவர் என்றார்கள். உண்மை. தென்னாபிரிக்காவில் பிறந்த ஒரு வெள்ளையர் வாயிலிருந்து வரவே கூடாத சொல் அது. இங்கிலாந்தில் நடந்த அந்தத் தொடரை மேற்கிந்தியத் தீவுகள் 3-0 என்று வென்றது. கடைசி டெஸ்டில், ஓவல் மைதானத்தில், மேற்கிந்திய ரசிகர்கள் கூடியிருந்த பக்கத்துக்கு முன்னால் போய்க் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து காட்டினார் கிரேக். சொன்ன வாய்க்குத் தானே பதில் சொன்ன மனிதர் என்று நான் இதைப் படிக்கிறேன்.

நேசம் கண்ணை மறைக்கும் என்றார் நண்பர். கிரேக்குக்கு இந்தியா என்றால் உயிர். ஆனால் 2012 ஜூனில் லோர்ட்ஸில் கௌட்ரி நினைவுரை ஆற்றியபோது, இந்தியக் கிரிக்கெட் சபை பணத்தை முன்னே வைத்து விளையாட்டைப் பின்னே தள்ளுகிறது என்று முகத்துக்கு நேரே சொன்னவரும் அவர்தான். வேண்டாதவன் ஏன் கண்டிக்கப் போகிறான்?

ஆடுகளத்தின் வெடிப்புக்குள் கார்ச் சாவியைச் செருகிக் காட்டுவாரே, அதை வெறும் வித்தை என்றார்கள். தொப்பியோடு குனிந்து, அந்தச் சாவி எவ்வளவு ஆழம் போகிறது என்று காட்டும்போது, மெல்பேர்ன் மண் எப்படி இருக்கும் என்று வெள்ளவத்தையில் இருந்த எனக்குத் தெரிந்தது. வாழ்நாளில் அந்த மைதானத்துக்குப் போகவே முடியாத பிள்ளையையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போன வேலை அது.

இனி லாகூர். 1996 மார்ச் 17, உலகக் கிண்ண இறுதி ஆட்டம். வீட்டுக்கார அன்ரியின் சின்னத் தொலைக்காட்சிக்கு முன்னால் பதினைந்து பேர். அவுஸ்திரேலியா 241. எங்களுக்கு 23 ஓட்டத்தில் இரண்டு விக்கெட் போய்விட்டது. பிறகு அரவிந்த, குருசிங்க, அர்ஜுன. அரவிந்த ஆட்டமிழக்காமல் 107. மக்ராவின் பந்தை அர்ஜுன மெல்லத் தட்டிவிட, அது எல்லைக்கு ஓடியபோது வர்ணனையில் இருந்தவர் கிரேக். டெஸ்ட் தகுதி பெற்று 15 வருடம்கூட நிரம்பாத அணி உலகத்தை வென்றதை, தன் பிள்ளை வென்றது போல அந்தக் குரல் சொன்னது. அதே நொடி வெளியே ‘டமார்’ என்று ஒரு சத்தம். அம்மா பழக்கத்தில் என்னைப் பிடித்து யன்னலிலிருந்து இழுத்தார். எல்லோரும் ஒரு கணம் உறைந்துபோனோம். அப்புறம்தான் அது பட்டாசு என்று தெரிந்தது. எதிர்வீட்டுச் சிங்கள அங்கிள் கொளுத்தியது. அம்மா என் கையை விட்டார். நான் வாசலுக்கு ஓடினேன். பல மாதங்களுக்குப் பிறகு இரவில் நான் வாசலைத் தாண்டியது அன்றுதான்.

எதிரணி நண்பரே, அந்த இரவில் எனக்கு நடுநிலையான குரல் எதற்கு? ஓட்டக் கணக்குச் சொல்லப் பலகை இருந்தது. விரலைத் தூக்க நடுவர் இருந்தார்கள். நாங்களும் மகிழத் தகுந்தவர்கள் என்று, உலகம் கேட்கச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

பிற்காலத்தில் நம் நாட்டின் சுற்றுலாத் தூதராகவும் அவர் இருந்தார். 2012 ஒக்டோபரில் உலக இருபது20 இங்கே நடந்து முடிந்த அதே மாதம், அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. டிசம்பர் 29, சிட்னியில் மாரடைப்பு. வயது 66. அன்று நம் அணி அவுஸ்திரேலியாவில்தான் இருந்தது. அதற்கு முந்திய நாள்தான் மெல்பேர்னில் படுதோல்வி. அடுத்த டெஸ்ட் அவருடைய சிட்னியில். தொலைக்காட்சியில் செய்தி ஓடியபோது அம்மா சமையலறையிலிருந்து வந்து, “தொப்பி போட்ட அந்த நெட்டை மனுசனா?” என்று கேட்டார். அம்மாவுக்குக் கிரிக்கெட் தெரியாது. ஆங்கிலமும் தெரியாது. கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. நேசத்தின் பக்கம் தீர்ப்புத் தருமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.