கண்ணா, கொப்பியா?

நடுவர் அவர்களே, மட்டக்களப்பு மைதான வேலியோரம் நின்று பந்து பார்த்து வளர்ந்த சபையோரே, வணக்கம்.

பயிற்சியில் உதைபந்தாட்ட வீரனைச் சரியாக அளப்பது பயிற்றுவிப்பாளரின் கண்ணா, எண்ணிக் குறித்த கொப்பியா? கொப்பி என்கிறோம் நாங்கள். அனுபவப்பட்ட கண் பிசகாது என்றது எதிரணி. நாங்கள் கண்ணுக்கு எதிரியில்லை. பந்தை அடிக்கையில் ஊன்றுகால் எங்கே நின்றது, தோள் திரும்பியதா என்பதைக் கண்தான் பிடிக்கும். எந்தக் கொப்பிக்கும் அது வராது.

கண் பிசகுவது எண்ணிக்கையிலும் வீரனின் களைப்பை அளப்பதிலும். அது பந்தின் பின்னாலேயே ஓடும். 90 நிமிட ஆட்டத்தில் ஒருவன் காலில் பந்து இருப்பது இரண்டு மூன்று நிமிடம். மிச்ச நேரம் அவன் எங்கே நின்றான் என்று பார்த்தவர் யார்? 1986இல் பிராங்ஸ், மில்லர் என்ற ஆய்வாளர்கள் 45 நிமிட உதைபந்தாட்டத்தைக் காட்டி, என்ன நடந்தது என்று கேட்டார்கள். சரியான விடை பாதியைத் தொடவில்லை. பார்த்தவர்கள் கற்றுக்குட்டிகள் என்பீர்கள். 2008இல் சான்றிதழ் பெற்ற பயிற்றுவிப்பாளர்களையே சோதித்தார்கள் லெயர்ட், வாட்டர்ஸ் என்ற ஆய்வாளர்கள்: சரியாக நினைவில் நின்றது 59 வீதம். சோதனைத்தாளுக்குப் பரவாயில்லை, அணித் தெரிவுக்குப் போதுமா?

களைப்புக்கு வருவோம். "இன்று லேசு, 10க்கு 3" என்று பயிற்சிக்கு முன்பே பயிற்றுவிப்பாளர் எழுதி வைக்கட்டும். முடிந்து 30 நிமிடம் கழித்து, "எவ்வளவு கஷ்டம், 0 முதல் 10 வரை சொல்" என்று ஒவ்வொருவரிடமும் தனியே கேட்கட்டும். உடனே கேட்டால் கடைசி ஓட்டத்தின் மூச்சிரைப்புத்தான் பதில் சொல்லும். கூட்டமாகக் கேட்டால், அணித்தலைவன் 4 என்றதும் எல்லோருக்கும் 4. வந்த எண்ணைப் பயிற்சி நடந்த நிமிடத்தால் பெருக்க வேண்டும்; அதுதான் அவன் சுமந்த சுமை. 60 நிமிடப் பயிற்சிக்கு 3 என்று நீங்கள் நினைத்தது 180. பொடியன் 6 என்றானா? 360. லேசான நாள் என்று நீங்கள் விட்ட நாளில் அவன் இருமடங்கு சுமந்திருக்கிறான். கச்சான் காற்று அனலாய் வீசுகிற ஆடி மாதத்துப் பின்னேரம் இது நடக்கும். விசிலோடு மர நிழலில் நிற்பவருக்கு அந்தச் சூடு தெரியாது. லேசான நாளில் வீரர்கள் கூடுதலாகவும், கடும் நாளில் எண்ணியதைவிடக் குறைவாகவும் உழைப்பதை 2001இலேயே ஃபாஸ்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் கண்டார்கள்.

"எழுத ஆள் எங்கே?" என்றார் எதிரணித் தலைவி. மாற்று வீரர்கள் வாங்கில் சும்மாதானே இருக்கிறார்கள், அம்மா! 5க்கு 5 சிறுகள ஆட்டம், 4 நிமிடம். வெளியே இருப்பவன் ஒரே ஒரு வீரனைப் பார்த்து, பந்து வாங்கியது, சரியாகக் கொடுத்தது, பறிகொடுத்தது என மூன்றுக்கும் கோடு போடட்டும். இரண்டு பேரைப் பார்க்கச் சொன்னால் இரண்டு கணக்கும் கெடும். கோல் போட்டவனைக் கண் தூக்கிப் பிடிக்கும். பத்துத் தரம் வாங்கி ஆறைப் பறிகொடுத்தவனும் அவன்தான் என்று அந்தக் கோடுகள் காட்டும்.