சந்தேகங்களுக்கு விளக்கம்: வயசான புருசன் பெஞ்சாதி வெளிநாட்டுக் கோயிலுக்கு தொண்டு செய்யப் போகலாமா?

அடுத்த கேள்வி களுவாஞ்சிக்குடியில இருந்து ஒரு ஐயா அனுப்பியிருக்கார், வாசிக்கிறன். "எனக்கு 66 வயசு, மனிசிக்கு 62. மகள் ஜேர்மனியில இரிக்கா. அங்க ஹம் எண்ட ஊர்ல இரிக்கிற காமாட்சி அம்பாள் கோயில்ல மூணு மாசம் நிண்டு தொண்டு செய்ய எங்க ரெண்டு பேருக்கும் ஆசை. இஞ்ச கோயில்ல எங்கட குடிக்கு, அதாவது எங்கட வம்சத்துக்கு, திருவிழா இரிக்கி, அத விட்டுட்டுப் போனா குத்தமா? வயசான நாங்க அங்க போய் என்னத்தச் செய்யிற?"

ஐயா, போங்க. கட்டாயம் போங்க. நானும் என்ட மனிசியும் அதே கோயிலுக்குப் போய் ஒரு கோடைகாலம் முழுக்க நிண்டு வந்தனாங்க, அதால வாயால மட்டும் சொல்லல்ல.

குடித் திருவிழா குடிக்குரியது, உங்கட தம்பியோ மருமகனோ முன்னுக்கு நிக்கலாம். ஆனா சொல்லாமப் போகாதீங்க, கோயில் நிர்வாகம் பாக்கிற வண்ணக்கர்ட்ட நேர போய் இன்ன மாசம் நாங்க இல்ல, எங்கட பங்க இவர் செய்வார் எண்டு சொல்லி, உபயக் காசையும் குடுத்துட்டுப் போங்க. அங்க தேர் கோடையிலதான், இஞ்ச வைகாசியில கண்ணகியம்மன் சடங்கு, அது முடியக்குள்ள அம்மனக் குளிர்விக்கிற குளுத்தி பாக்கக் கிடைக்காது, அது மனசுக்குக் கஷ்டமாத்தான் இரிக்கும், எனக்கும் இருந்திச்சு.

மறுகா, என்னத்தச் செய்யிற எண்டு கேட்டீங்க. இஞ்ச நமக்கு கோயில்ல ஒரு இடம் பிறக்கக்குள்ளயே இரிக்கி, எந்தக் குடி எந்த நாள் எண்டு எல்லாருக்கும் தெரியும். அங்க அது இல்ல. யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை எண்டு எல்லா ஊராக்களும் வாறாங்க, 2002ல கும்பாபிஷேகம் நடந்த கோயில், கோபுரத்தப் பாத்தா நம்மட ஊர்க் கோயில் மாதிரித்தான், தீர்த்தம் மட்டும் பக்கத்துல ஓடுற வாய்க்கால்ல, கப்பல் போற வாய்க்கால், மட்டக்களப்பு மாமாங்கக் குளத்துல ஆடி அமாவாசைக்கு முழுகின எனக்கு அதப் பாக்க கண் கலங்கிப் போச்சு. அங்க நீங்க ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நான் முதல் ரெண்டு நாள் சும்மா தூணோட இருந்தன். மூணாம் நாள் நானே போய் ஒரு வேல தாங்க எண்டு கேட்டன், செருப்பு அடுக்கச் சொன்னாங்க, அடுக்கினன். பிறகு தேங்காய் துருவ, அண்டா கழுவ. விடியமுன்னம் கோயிலக் கூட்டி மெழுகி, பூமாலை கட்டி, பாடிக் கும்பிடச் சொன்னவர் அப்பர் சுவாமி, கோயில்ல புல்லுச் செதுக்கிற உழவாரத்தோட திரிஞ்சவர், அவருக்கு வயசு குறைவா என்ன?

என்ட மனிசிக்குத்தான் கூடுதல் வேல. அவ மால கட்டுறதப் பாத்துட்டு அங்க பிறந்த பொம்புளப் புள்ளைகள் வந்து சுத்தி இருந்துட்டாங்க, பாதி தமிழ் பாதி ஜேர்மன், வாழநார் இல்ல, நூலால ரோசாப்பூவக் கட்டப் பழக்கினா, கட்டிக்கொண்டே தேவாரமும் சொல்லிக் குடுத்தா. நம்மட கைக்கு இஞ்ச சாதாரணமா வாற வேல அங்க உள்ள புள்ளைகளுக்கு ஆரும் காட்டிக் குடுக்காத வேல ஐயா. உங்கட மனிசிக்கும் இது தெரிஞ்சிருக்கும், அவவத் தனியா மகள்ட குசினியில விட்டுட்டு நீங்க மட்டும் கோயிலுக்குப் போகாதீங்க. நாயன்மார்ல ஒருத்தரான இளையான்குடி மாறனார் கதையில, வீட்டுல அரிசி இல்லாத நேரம் ராவு மழைக்குள்ள அடியார் வந்து நிக்கக்குள்ள, பகல் விதைச்ச நெல்ல வாரிக்கொண்டு வாங்க எண்டு வழி சொன்னது பெஞ்சாதிதான். வாவிக்கு அங்கால படுவான்கரையில வயல் செய்யிற ஆக்களுக்குத் தெரியும் விதச்ச நெல்ல திரும்ப அள்ளுறது எண்டா என்னெண்டு. ரெண்டு பேரும் சேந்துதான் அந்தச் சோறு ஆனது.

விசா விசயம் சுருக்கமா சொல்லுறன். விசிட் விசாவில 180 நாளைக்குள்ள 90 நாள்தான் நிக்கலாம், ஒரு நாளும் கூட்டாதீங்க. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்ஸ் வேணும். தொண்டுக்கு எண்டு ஆரும் காசு தந்தா வாங்காதீங்க, அது வேல எண்டு ஆகிடும். விண்ணப்பத்துல மகள்ட்ட போறதையும் கோயிலுக்குப் போறதையும் ஒளிக்காம எழுதுங்க.

பிறகு முழங்கால். கல்லுத் தரையில மணிக்கணக்கா நிக்கணும், மருந்து மூணு மாசத்துக்கும் டொக்டர்ட துண்டோட எடுத்துப் போங்க, மனிசிக்கு இருந்து பூக் கட்ட ஒரு சின்னப் பலகையும் கேட்டு வாங்கிக் குடுங்க, அங்க கேட்டா தருவாங்க. சரி, அடுத்தது அக்கரைப்பற்றுல இருந்து ஒரு தங்கச்சி கேட்டது.